சட்ட வல்லுநர் ரோஜர் ஷெர்மன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அடிப்படைச் சாசனங்கள் நான்கு: 1774-ம் ஆண்டின் வர்த்தக பகிஷ்கார உடன்படிக்கை, 1776-ன் சுதந்தரப் பிரகடனம், அதன்பின் எழுந்த கூட்டாட்சிப் பத்திரம், 1787-ன் அரசியற் சட்டம். இந்நான்கிலும் கையொப்பமிட்டவர் ஒருவரே. அவர் இளமையிற் பாதரட்சை தைத்துச் சீவித்தவர். கைத்தொழிலைக் கைவிட்டாலன்றி மேன்மையில்லையென நம்மவரிற் சிலர் எண்ணுவதால், ரோஜர் ஷெர்மன் என்னும் அப்பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

மாஸச்சூஸெட்ஸ் நாட்டு நியூட்டனில் 1721-ல் பிறந்தார். தந்தையார் உழவும் பாதரட்சைத் தொழிலும் செய்தவர். பள்ளிப் படிப்பு சொற்பமே. தைக்கும் பலகையருகே எப்போதும் ஒரு புத்தகம் விரிந்து கிடக்கும் என்பர். தந்தை இறந்தபின், 1743-ல், கனெக்டிகட்டிலுள்ள நியூ மில்போர்டுக்குக் குடியேறினார். தொழிற்கருவிகளை முதுகிற் சுமந்து நடந்தே சென்றார் என்பது அந்நாட்டார் வழங்கும் கதை. அது மெய்யோ மிகையோ, ஈராண்டிற்குள் நிலமளக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தது மெய். பஞ்சாங்கமும் கணித்து அச்சிட்டார். சட்டநூல்களைத் தாமே பயின்று 1754-ல் வக்கீலானார். 1766-ல் மேல் நீதிமன்ற நீதிபதியுமானார். யேல் கல்லூரியின் பொக்கிஷமும் அவர்வசம் ஒப்புவிக்கப்பட்டது. எக்கல்லூரியிலும் பயிலாதவர் கையில் கல்லூரிப் பொக்கிஷம்!

சுதந்தரப் பிரகடனத்தை வரைய நியமிக்கப்பட்ட ஐவருள் இவரும் ஒருவர். எனினும் இவரது பெருந்தொண்டு 1787-ல் பிலடெல்பியாவிற் கூடிய மகாசபையில் நிகழ்ந்தது. ஜனத்தொகைப்படியே பிரதிநிதித்துவம் வேண்டுமெனப் பெரிய நாடுகள் வாதித்தன. சம உரிமையின்றேல் சேரோம் எனச் சிறியவை முரணின. ஒரு சபையில் ஜனத்தொகைப்படியும், மற்றொன்றில் நாட்டுக்கு நாடு சமமாகவும் இடமளிக்கலாமென ஜூன் 11-ந் தேதி ஷெர்மன் கூறினார். அன்று அது தோற்றது. அவர் சோர்ந்தாரல்லர். ஜூலை 16-ல் ஐந்துக்கு நான்கு என்னும் மயிரிழை வித்தியாசத்தில் அக்கருத்தே வென்றது. அது தவறியிருப்பின் சபை கலைந்திருக்குமென்றே நாம் கருதுகிறோம்.

ஒரு குறையையும் மறைத்தல் தகாது. அடிமை வியாபாரத்தை அவர் வெறுத்தார். அடிமைகளுக்கு வரி விதிப்பது மனிதரைப் பொருளாக ஒப்புவதாகுமென அதையும் எதிர்த்தார். ஆயினும் ஒற்றுமை குலையுமென்றஞ்சி, அவ்வியாபாரத்தைத் தடை செய்யாது விட இசைந்தார். சமரசத்தில் வல்லவரின் சமரசத்தால் அங்கு இல்லாதோரே நஷ்டமடைந்தனர். இதை நாம் புகழமாட்டோம்.

பின்னர்ப் பிரதிநிதி சபையிலும் 1791 முதல் செனெட்டிலும் இருந்தார். அரசியற் சட்டத் திருத்தங்களை மூலத்துள் நுழைக்காது இறுதியிற் சேர்க்க வேண்டுமென்று அவர் வற்புறுத்திய முறையே இன்றும் நின்று நிலவுகிறது. 1784-ல் நியூ ஹேவன் நகரின் முதல் மேயரானவர், செனெட் பதவியோடு அப்பதவியையும் வகித்தவாறே 1793 ஜூலை 23-ல் அந்நகரிற் காலமானார்.