இலிங்கன் கேட்ட முதல் வாக்கு

ஆபிரகாம் இலிங்கனை அடிமை விலங்கொடித்த பெரியாராக உலகம் போற்றுகின்றது. ஆயின், அவர் முதன்முதல் மக்களிடம் வாக்குக் கேட்டபொழுது அடிமைகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரல்லர். ஆறு, வட்டி, கல்வி என்பன பற்றியே பேசினார். அவ்விளைஞரின் வரலாற்றையே யாம் ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் கென்ரக்கி மாநிலத்து மரக்குடிசையொன்றிற் பிறந்த இலிங்கன், 1830இல் தந்தையாருடன் இலினோய் மாநிலம் புகுந்தார். அவர் பள்ளியிலிருந்த நாட்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிறையாது. 1831இல் பண்டமேற்றிய தட்டைப்படகொன்றைச் சங்கமன் ஆற்றிற் செலுத்தி வருகையில், நியூ சேலம் என்னும் சிற்றூரின் ஆலையணையிலே படகு சிக்கியது. அதனை மீட்டு நியூ ஓர்லியன்ஸ் வரை சென்று மீண்டவர், அவ்வூரிலேயே கடைச் சிப்பந்தியாக அமர்ந்தார். ஆங்கில இலக்கணத்தை அங்கே தாமாகவே கற்றார். இலக்கணமென்றாலே நடுங்கும் எம் மாணவர் இதனைக் கவனிப்பாராக.

1832 மார்ச்சு 9ஆம் நாள், தமது 23ஆம் வயதில், மாநிலச் சட்டசபை வேட்பாளராக அறிக்கை விடுத்தார். விளைபொருளை வெளியூர்ச் சந்தைக்கு அனுப்ப வழியின்மையே அப்பகுதியாரின் பெருங்குறை. இலினோய் ஆற்றிலிருந்து யாக்சன்வில் வழியாக ஸ்பிறிங்பீல்ட் வரை இருப்புப்பாதை வேண்டுமென்றனர் பலர். அதன் பயனை இலிங்கன் மறுத்திலர்; ஆயினும் மதிப்பிட்ட செலவு 290,000 டொலர் என்பதறிந்து, அது எம்மாற் றாங்கற்பாலதன்று என வெளிப்படக் கூறினார். அதற்கீடாக, சங்கமன் ஆற்றில் மிதந்து அடைக்கும் மரங்களை அகற்றி, கடைசி முப்பது முப்பத்தைந்து மைலில் வளைந்தோடும் போக்கை நேராக்கலாமென்றார். ஓராண்டாக நீர்மட்டத்தைத் தாமே நோக்கி வந்தவர் அவர். எனினும் இவ்வேலைக்கு எவ்வளவு செல்லுமெனத் தம்மாற் கூறவியலாதென்றும் ஒப்புக்கொண்டார். வாக்குக் கேட்போரிடம் இத்தகைய நேர்மையை யாம் அரிதாகவே காண்கின்றோம். அவ்வசந்தத்திலே தலிசுமன் என்னும் நீராவிக் கப்பல் அவ்வாற்றில் ஏறியது. நீர் வற்றத் தொடங்கவே, அணையின் ஒரு பகுதியை உடைத்தே அதனை மீட்க நேர்ந்தது.

கடும்வட்டியைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்றார். மிக்க இடருற்றோர் அச்சட்டத்தைக் கடக்கவும் வழியுண்டென்று உடனே சேர்த்துக்கொண்டமை எமக்கு வியப்பளிக்கின்றது. கல்வியே யாவற்றினும் தலையாயது என்றார். ஆயின், அதற்கொரு திட்டமும் வகுத்தாரல்லர். ஆசிரியராகிய எமக்கு இது மனக்குறையே.

இடையிற் செவ்விந்தியரோடு நிகழ்ந்த போரிற் படைத்தலைவராகச் சென்று, தேர்தலுக்குச் சின்னாள் முன்னரே மீண்டார். நால்வரைத் தெரியும் அத்தேர்தலில் பதின்மூவருள் எட்டாமவராகித் தோற்றார். எனினும் நியூ சேலத்தின் 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன.

1834இல் வென்று நான்கு முறை சட்டசபையில் இருந்தார். அங்கேதான், புகழ்பாடுவோர் விரைந்து கடந்துவிடும் செய்தியொன்றுண்டு. 1837இல் இருப்புப்பாதைகளுக்கும் பிறவற்றுக்குமாக ஏறக்குறைய ஒரு கோடி டொலர்த் திட்டமொன்றைச் சபை ஏற்றது. 290,000 டொலருக்கு அஞ்சியவர் அதனை முன்னின்று ஆதரித்தார். அவ்வாண்டே நாட்டிற் பணமுடை தோன்ற, வேலைகள் நின்றன. மாநிலம் வட்டியுங் கட்டவியலாக் கடனில் ஆழ்ந்தது. அனுபவம் மிகுந்த உறுப்பினரினும் அனுபவமற்ற வேட்பாளரே கணக்கிற் கூரியவராயிருந்தார் என்பதே எம் கருத்து.

ஆயினும் அதே கூட்டத்தொடரில் வேறொன்றும் நிகழ்ந்தது. அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்த தீர்மானத்தை 77 பேர் ஆதரிக்க, எதிர்த்தோர் அறுவரே. அவருள் ஒருவர் இலிங்கன். மார்ச்சு 3ஆம் நாள், அடிமைமுறை அநீதியில் எழுந்ததென மற்றோர் உறுப்பினருடன் கையொப்பமிட்டுப் பதிவும் செய்தார். வாக்குக் கேட்டபொழுது பேசாத பொருளை, வாக்கினாற் பயனில்லாதவிடத்திற் பேசினார்.

1842இல் இருப்புப்பாதை யாக்சன்வில் வழியாகவே ஸ்பிறிங்பீல்டை அடைந்தது. சங்கமன் ஆறு கப்பலோடும் ஆறாகவில்லை. நியூ சேலத்தார் அதற்கு முன்னரே ஊரைவிட்டு வெவ்வேறிடங்களிற் குடியேறிவிட்டனர்.