வானில் இழந்தார், மண்ணில் விதைத்தார்: வள்ளல் அழகப்பர்

செட்டியார் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது கிட்டங்கியும் கணக்குப் பெட்டியும் வட்டியும்தான். பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் தரையில் அமர்ந்து, சிறு மேசைக்குப் பின்னால் கணக்கெழுதிய நகரத்தார்களைப் பற்றி நம் பாட்டனார்கள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே நகரத்தார் குலத்தில் பிறந்த ஒருவர் வானூர்தி ஓட்டக் கற்றார், சொந்தமாக விமான நிறுவனம் நடத்தினார், அதில் பெரும் பணத்தை இழந்தார் என்றால் நம்புவீர்களா? அவர்தாம் கோட்டையூர் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார்.

அழகப்பரை வள்ளல் என்று அறிந்தவர் பலர். காரைக்குடியில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால், அவருடைய விமான நிறுவனத்தைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. வெற்றியை மட்டும் சொல்லி, தோல்வியை மறைத்துவிட்டால் ஒரு மனிதரின் பாதி வாழ்க்கைதான் நமக்குக் கிடைக்கும். மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் படிப்பும்

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் அழகப்பர் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. அக்காலத்தில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்துகொண்டதும் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பல் ஏறிவிடுவார்கள். கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகித் தொழில் கற்பதே வழக்கம். அழகப்பர் அந்த வழியில் போகவில்லை. காரைக்குடியில் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 21 வயதில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். நகரத்தார் சமூகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே என்பர்.

பிறகு இலண்டன் சென்று மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். அங்கே சார்ட்டர்ட் வங்கியிலும் பயிற்சி பெற்றார். வட்டித் தொழிலைப் பரம்பரையாகச் செய்த குடும்பத்துப் பிள்ளை, நவீன வங்கித் தொழிலை அதன் தலைநகரிலேயே கற்றது பொருத்தமானதுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இலண்டனுக்குத் தெற்கே உள்ள குரோய்டனில் வானூர்தி ஓட்டப் பழகி, அதற்குரிய சான்றிதழையும் பெற்றார். 1930களில் குரோய்டன்தான் இலண்டனின் முதன்மை விமான நிலையம். ஐரோப்பிய நகரங்களுக்கும் கீழை நாடுகளுக்கும் விமானங்கள் அங்கிருந்தே புறப்பட்டன. ஓர் இளைஞனின் மனத்தில் ஆசை முளைக்க இதைவிட நல்ல இடம் வேறென்ன இருக்க முடியும்?

தொழிலதிபர் அழகப்பர்

ஊர் திரும்பிய அழகப்பர் வழக்கறிஞராகத் தொடரவில்லை. 1937இல் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூருக்கு அருகே நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். அந்த இடம் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்கப்படுகிறது. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள், பர்மாவில் ஈயச் சுரங்கங்கள், கல்கத்தாவில் காப்பீட்டு நிறுவனம், பம்பாயில் தங்கும் விடுதி, சென்னையில் திரையரங்கு என்று அவருடைய தொழில்கள் விரிந்தன. பிரிட்டிஷ் அரசு 1940களில் அவருக்கு சர் பட்டம் வழங்கியது. இந்தியா விடுதலை பெற்றதும் அப்பட்டத்தை அவர் துறந்துவிட்டார்.

மலாயா ரப்பர் என்ற சொல்லைக் கண்டதும் நான் சற்று நின்றேன். நான் பிறந்து வளர்ந்தது ஜொகூரில் உள்ள சாஆ. இன்று எங்கள் வட்டாரத்தில் செம்பனையே அதிகம் என்றாலும், என் பாட்டி விடியற்காலையில் பால் வெட்டப் போன காலத்தை இன்னும் மறக்கவில்லை. இந்நாட்டுத் தோட்டங்களில் நம்மவர்கள் சிந்திய வியர்வையிலும் ஒரு துளி காரைக்குடிக் கல்லூரியின் சுவரில் கலந்திருக்கும். ஆகவே அழகப்பரின் கதை நமக்கு அந்நியமான கதையன்று.

ஜூபிட்டர் ஏர்வேஸ்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. போருக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட டக்கோட்டா விமானங்கள் தேவையற்றுக் கிடந்தன. அவை குறைந்த விலைக்கு விற்பனைக்கு வந்தன. போரில் பறந்த விமானிகளும் பொறியாளர்களும் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். முதலீடு செய்யப் பணம் வைத்திருந்தவர்களுக்கு இது பொன்னான வாய்ப்பாகத் தெரிந்தது. நாடெங்கும் புதிய விமான நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் சென்னையிலிருந்து எழுந்ததுதான் அழகப்பரின் ஜூபிட்டர் ஏர்வேஸ். 1948இல் அதன் டக்கோட்டாக்கள் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், நாக்பூர் வழியாக டெல்லிக்குப் பறந்தன. தென்கோடியையும் தலைநகரையும் இணைக்கும் அந்தத் தடத்தில் ஒரு தமிழரின் நிறுவனம் பறந்தது சாதாரணச் செய்தியா?

ஆனால் அந்தப் பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1949க்குள் நிறுவனம் நொடித்து மூடப்பட்டது. ஏன் இப்படி ஆயிற்று?

முதல் காரணம், உரிமம். எந்தத் தடத்தில் யார் பறக்கலாம் என்பதை முடிவு செய்ய 1946இல் அரசு ஓர் உரிம வாரியத்தை அமைத்தது. அந்த வாரியம் தேவைக்கு மேல் உரிமங்களை வழங்கியது. நாலைந்து நிறுவனங்களுக்குப் போதுமான பயணிகளைப் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1932லேயே விமான அஞ்சல் சேவையைத் தொடங்கிய ஜே.ஆர்.டி. டாட்டா, இப்படி உரிமம் வழங்கினால் எல்லாருமே நட்டப்படுவார்கள் என்று எச்சரித்தார். அவர் எச்சரிக்கை எடுபடவில்லை.

இரண்டாம் காரணம், செலவு. டக்கோட்டாவைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அதைப் பறக்க வைப்பது மலிவன்று. இராணுவச் சரக்கு விமானத்தைப் பயணிகள் விமானமாக மாற்ற வேண்டும். இரண்டு இயந்திரங்களையும் குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டும். உதிரிப்பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விமானப் பெட்ரோலும் அப்படியே. அதன்மேல் வரி வேறு. ஏறக்குறைய இருபதே பயணிகள் அமரும் விமானத்தில் பாதி இருக்கை காலியாக இருந்தாலும் விமானிக்குச் சம்பளம் குறையாது, எரிபொருளும் பெரிதாக மிஞ்சாது. நூற்பாலையில் இன்று விற்காத நூலை நாளை விற்கலாம். இன்று காலியாகப் பறந்த இருக்கையை நாளை யாரிடம் விற்பது?

மூன்றாம் காரணம், நிறுவனத்தின் அளவு. பத்து விமானம் உள்ளவனுக்கும் பட்டறை வேண்டும், மூன்று விமானம் உள்ளவனுக்கும் பட்டறை வேண்டும். பரிசோதனையும் ஆவணங்களும் இருவருக்கும் ஒன்றுதான். பாதுகாப்புக்கான அந்த விதிகள் அவசியமானவை. ஆகாயத்தில் அலட்சியத்துக்கு இடமில்லை. எனினும் ஒரே சுமையைப் பெரிய மாடும் கன்றும் இழுக்கும்போது முதலில் கால் மடங்குவது கன்றுக்குத்தானே?

ஜூபிட்டர் மட்டும் விழவில்லை. அம்பிகா ஏர்லைன்ஸ் என்ற நிறுவனமும் அதே காலத்தில் மூடப்பட்டது. 1949 செப்டம்பரில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதால் டாலர் கொடுத்து வாங்கும் பொருள்களின் விலை மேலும் ஏறியது. 1950இல் நீதிபதி இராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, நிறுவனங்களின் எண்ணிக்கை தேவைக்கு மிஞ்சியது என்றே கண்டது. இறுதியில் 1953 ஆகஸ்டில் எஞ்சிய நிறுவனங்களை எல்லாம் அரசே ஏற்றுக்கொண்டு, உள்நாட்டுச் சேவைக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் கழகத்தை அமைத்தது. டாட்டாவின் ஏர் இந்தியாகூடத் தப்பவில்லை. 2022இல்தான் அது மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது.

நம் ஊர் அனுபவம்

இதைப் படித்தபோது என் மாமாவின் நினைவு வந்தது. அவர் ஒரு பழைய பேருந்தை வாங்கி, சாஆ வட்டாரத்திலிருந்து யோங் பெங், குளுவாங் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றினார். பெர்மிட், பரிசோதனை, காப்புறுதி, டயர், டீசல், ஓட்டுநர் சம்பளம் என்று எல்லாம் ஆண்டுதோறும் ஏறின. தொழிற்சாலை கொடுத்த கட்டணம் மட்டும் ஏறவில்லை. நான் மூன்றாம் படிவம் படித்தபோது பேருந்தை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போனார். பல பேருந்து வைத்திருந்தவர்கள் அப்படியே நீடித்தார்கள். ஒற்றைப் பேருந்துக்காரர்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இன்றும் யாராவது சொந்தத் தொழில் என்று வாயெடுத்தால், மாமாவின் பேருந்தைச் சொல்லியே பேச்சை முடித்துவிடுவார்கள்.

வானில் அழகப்பர் பட்ட பாட்டைப் பிற்காலத்தில் நம் நாட்டிலும் பார்த்தோம். இந்திய வம்சாவளித் தம்பதியர் தொடங்கிய ராயானி ஏர், 2015 டிசம்பரில் லங்காவியிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2016 ஜூனில் அதன் உரிமம் பறிபோனது. 2022 டிசம்பரில் புறப்பட்ட மைஏர்லைன், 2023 அக்டோபரில் திடீரென்று நின்றுபோனது. மறுபுறம், 2001இல் கடனோடு ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கப்பட்ட ஏர் ஏசியா, ஆசியாவெங்கும் பறக்கும் நிறுவனமாக வளர்ந்தது. ஒவ்வொன்றின் வீழ்ச்சிக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஆனால், மூலதனமும் எண்ணிக்கையும் இல்லாதவரிடம் இத்தொழில் இரக்கம் காட்டுவதில்லை என்பது மட்டும் மாறவில்லை.

விதைத்த கை

இனி அழகப்பரின் மறுபாதிக்கு வருவோம். விமானக் கனவுக்கு முன்பே அவருடைய கை கொடுக்கத் தொடங்கிவிட்டது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென ஒரு இலட்சம் ரூபாய் அளித்தார். கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 1944இல் 5 இலட்சம் ரூபாய் அளித்தார். அதுவே இன்றைய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி.

1947 ஜூலை 3ஆம் நாள், சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், சென்னைக்கு வெளியேயும் கல்லூரிகள் எழ வேண்டும் என்று அங்கு வேண்டுகோள் விடுத்தார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் உடனே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே, அதாவது ஆகஸ்டில், காந்தி மாளிகை என்ற தற்காலிகக் கட்டடத்தில் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது! இன்று நம் பல்கலைக்கழகச் சங்கத்தில் ஒரு நிகழ்வுக்கு மண்டபம் கிடைக்கவே ஒரு மாதம் ஆகிறது.

1948ஆம் ஆண்டைக் கவனியுங்கள். ஜூபிட்டர் விமானங்கள் பறந்துகொண்டிருந்த அதே ஆண்டில், ஜூலை 25ஆம் நாள், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அதற்காக அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும். பெருநகரங்கள் எல்லாம் போட்டியிடக்கூடிய ஒரு தேசிய ஆய்வுக்கூடத்தை வறண்ட செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது.

விமானத்தில் இழப்பு வந்த பிறகாவது கையை மூடினாரா? இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்தொழில்நுட்பக் கல்லூரி, பெண்களுக்கான கல்வி நிலையங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். தாம் குடியிருந்த மாளிகையையே கல்விப் பணிக்குக் கொடுத்தார். இதையெல்லாம் செய்த ஆண்டுகளில் அவர் உடல் நோயால் நலிந்திருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள், 48 வயது நிறைவடைய ஒரே ஒரு நாள் இருக்கையில், அழகப்பர் சென்னையில் காலமானார். 1985இல் அவருடைய கல்வி நிறுவனங்கள் அமைந்த அதே மண்ணில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

நாம் கற்க வேண்டியது

விமான நிறுவனத்துக்கும் கல்லூரிக்கும் பணம் போட்டவர் ஒருவரே. ஒன்று ஓரிரு ஆண்டில் மறைந்தது. மற்றொன்று எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. ஆகவே தொழிலே வேண்டாம், தானமே போதும் என்று சிலர் முடிவு கட்டலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூற்பாலையிலும் தோட்டத்திலும் ஈட்டாமல் அவர் எதைக் கொடுத்திருப்பார்? ஜூபிட்டரில் துணிந்த அதே மனம்தான் ஒரு மாதத்தில் கல்லூரியைத் திறக்கவும் துணிந்தது. அந்தத் துணிச்சலை ஒன்றில் பாராட்டி மற்றொன்றில் பழிப்பது நியாயமாகாது.

நம் சமுதாயத்தில் ஒருவர் தொழிலில் விழுந்தால், அதைப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகச் சொல்லுகிறோம். ஏன் விழுந்தார் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. உரிமத்தால் விழுந்தாரா, எரிபொருள் விலையால் விழுந்தாரா, தனியாளாக நின்றதால் விழுந்தாரா என்று ஆராய்ந்தால், அடுத்து வருபவருக்கு அது பாடமாக அமையும். என் மாமாவைப் போன்ற நான்கு பேருந்துக்காரர்கள் ஒன்றாகக் கூடியிருந்தால், ஒரே பட்டறையும் ஒரே எழுத்தரும் நால்வருக்கும் போதுமாயிருந்திருக்கும் என்று நான் இன்று எண்ணுகிறேன்.

இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களே! உங்களில் தொழில் நடத்துபவர்கள் பலர் இருக்கிறீர்கள். நம் சங்கத்துக்கு நிதி அனுப்புங்கள். அதோடு ஒரு நாள் வந்து நீங்கள் இழந்த கதையையும் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இரண்டும் வேண்டும். வள்ளல் அழகப்பரின் புகழ் வாழ்க!