பங்களாவை விட்டுப் பண்ணைக்குப் போன கலன்பாக்

காந்தியின் சுயசரிதையைப் படித்தவர்களுக்கு ஹேர்மன் கலன்பாக் என்ற பெயர் நினைவிருக்கும். தென்னாபிரிக்காவில் டோல்ஸ்டோய் பண்ணைக்குக் காணி குடுத்த மனுசன். நான் ஏ.எல். சோதினையோட படிப்பை விட்டிட்டு வெளிக்கிட்டவன், இப்ப பக்ரறியில இரவு வேலை. இடைவேளையில வாசிச்சதில இந்த மனுசன் மனதில நிண்டிட்டார். அதனால் இந்தப் புத்தாண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1871ஆம் ஆண்டு, இன்றைய லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜேர்மனியில் கட்டடக் கலை படித்துவிட்டு 1896இல் யொகன்னஸ்பேர்க் போனார். தங்கத்தால் வளர்ந்த நகரம், கட்டடம் கட்டுறவனுக்குக் காசுக்குக் குறைவில்லை. வீட்டு வாடகையை விட, தன் ஒருவரின் செலவுக்கே மாதம் 1200 ரூபா போனதாகக் காந்தி எழுதியிருக்கிறார். காந்தியோடு பழகி, ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய பிறகு அது 120 ரூபாவாக இறங்கியது.

அந்த நேரம் சத்தியாக்கிரகத்தில் ஆம்பிளையள் சிறைக்குப் போக, குடும்பங்கள் வருமானமில்லாமல் நிண்டது. மாதாமாதம் காசு குடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்து உழைத்துச் சாப்பிட வைப்பதுதான் வழி. 1910இல் கலன்பாக் யொகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் 1100 ஏக்கர் காணி வாங்கி, ஒரு சதம் வாடகையில்லாமல் அவர்களுக்கு விட்டார். அதோடு நிற்காமல் தானும் அங்கே போய் இருந்தார். அதுதான் பெரிய விசயம். காசு குடுக்கிற ஆக்கள் எங்கயும் இருக்கினம், கூட வந்து கிடங்கு வெட்டுற ஆக்கள் குறைவு.

அங்கே இரண்டு கிணறு, ஒரு ஊற்று, ஆயிரத்துக்குக் கிட்டப் பழமரங்கள். தகரக் கொட்டில்கள் கட்டி முடியும் வரைக்கும் கூடாரத்தில் படுத்தார்கள். கைத்திரிகையில் மா அரைத்துப் பாண் சுட்டார்கள். கச்சானை அரைத்து பட்டருக்குப் பதிலாகப் பூசினார்கள். சொந்த அலுவலுக்கு நகரத்துக்குப் போவதென்றால் நடந்துதான் போக வேண்டும். விடியப்புறம் இரண்டரைக்கு வெளிக்கிட்டால் ஆறு, ஏழு மணித்தியாலம். கலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கப் பழகிவந்து, காந்திக்கும் மற்றவர்களுக்கும் பழக்கினார். பண்ணையில் பாம்புகள் கூட. அவர் பாம்புப் புத்தகங்கள் வாங்கிப் படித்து, எல்லாப் பாம்பும் விசமில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒரு நாகத்தைப் பிடித்து வளர்த்தும் பார்த்தார். (எனக்கெண்டால் அந்தத் துணிவு வராது.)

பிள்ளைகளைத் தோட்டத்தில் வேலை வாங்கினவரும் அவர்தான். அதில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தவை. அங்கேயே பிறந்தபடியால் தமிழ் அரைகுறை, எழுத்துச் சுத்தமாகத் தெரியாது. போப்பையரின் கைநூலை வைத்துப் படித்த கொஞ்சத் தமிழோடு காந்திதான் அவர்களுக்கு எழுத்துப் படிப்பித்தார். பகல் முழுக்க வேலை செய்த களைப்பு, வாத்தியாருக்கும் பிள்ளைக்கும் நித்திரை தூங்கும். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளையளை இழுத்துக்கொண்டு போற எங்கட தாய் தகப்பன்மாருக்கு இது விளங்கும்.

1913இல் நடந்த பெரிய ஊர்வலத்தில் கலன்பாக்கும் சிறைக்குப் போனார். 1914இல் காந்தியோடு லண்டனுக்குக் கப்பலேறினார், அங்கிருந்து இந்தியா போவதாக யோசனை. கப்பலில் அவருடைய விலை கூடின தூரக்கண்ணாடி பற்றி இரண்டு பேருக்கும் வாக்குவாதம். முடிவில் அதைக் கடலில் எறிந்தார்கள். லண்டனில் இறங்கும்போது யுத்தம் தொடங்கிவிட்டது. ஜேர்மன்காரன் என்று இந்தியா போக அனுமதி கிடைக்கவில்லை. பிறகு எதிரி நாட்டவனாக மான் தீவு முகாமில் அடைத்தார்கள். எந்த நாட்டவன் எண்டு பார்த்து ஒருவனை அடைக்கிறது எப்படியிருக்கும் எண்டு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

1920இல் திரும்ப ஆபிரிக்கா போய்ப் பழைய கட்டட வேலையே செய்தார். 1937இல்தான் இந்தியா போய்க் காந்தியைக் கண்டார், பிரிந்து 23 வருசத்துக்குப் பிறகு. 1945இல் யொகன்னஸ்பேர்க்கில் காலமானார். அவருடைய சாம்பல் டெகானியாவில், சனம் சேர்ந்து கமம் செய்யும் ஒரு குடியிருப்பில், வைக்கப்பட்டிருக்கிறது.