தோல்விகள் காட்டிய வழி

பிழைப்புக்கு உகந்த படிப்பு ஒருபுறம், உள்ளம் நாடும் கலை மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே தவிக்கும் இளைஞர்கள் எக்காலத்திலும் உண்டு. அவ்வாறு தவித்தவர்களுள் ஒருவர்தாம், பின்னாளில் பாரதத்தின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட நந்தலால் போஸ்.

பீகார் மாநிலம் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரில், வங்காளக் குடும்பம் ஒன்றில் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பூர்ண சந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். அன்னை க்ஷேத்ரமணி தேவி பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். மகனும் இளம் வயதிலேயே உருவங்கள் வனைவதிலும், பூஜைப் பந்தல்களை அலங்கரிப்பதிலும் ஆர்வம் காட்டினார்.

1898-இல் உயர்நிலைப் பள்ளிக் கல்வி நோக்கிக் கல்கத்தா வந்தார். 1902-இல் நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றார். மறு ஆண்டே சுதீரா தேவியுடன் திருமணம் நடந்தது. ஓவியம் பயில வேண்டும் என்பதே அவரது விருப்பம். ஆனால் குடும்பத்தார் இசையவில்லை. படம் வரைந்து குடும்பத்தைக் காப்பாற்ற முடியுமா என்ற அச்சம் அக்காலத்துப் பெரியோர்களுக்கு இருந்ததில் வியப்பில்லை.

நந்தலால் அவர்களை எதிர்த்து வீட்டை விட்டு வெளியேறவில்லை. அவர்கள் சொற்படி கல்லூரியில் சேர்ந்தார், தேர்வில் தோற்றார். வேறு கல்லூரிக்கு மாறினார்; அங்கும் அதே நிலை. 1905-இல் பிரசிடென்சி கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தார். அதுவும் கைகூடவில்லை. மணமான இளைஞனுக்கு அடுத்தடுத்து வந்த இத்தோல்விகள் எத்தகைய தலைகுனிவைத் தந்திருக்கும்! ஆயினும் அவற்றாலேயே குடும்பத்தாரின் மனம் இளகிற்று. கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர ஒருவாறு சம்மதம் கிட்டியது.

அங்கே அவனீந்திரநாத் தாகூர் அவருக்குக் குருவாக வாய்த்தார். கணக்கேட்டில் ஊன்றாத மனம் கோடுகளில் ஊன்றியது. விரும்பிய துறை கிடைத்துவிட்டது என்று அவர் இளைப்பாறவில்லை. கடும் உழைப்பு அப்போதுதான் தொடங்கியது. சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் 1909-இல், லேடி ஹெர்ரிங்ஹாமின் குழுவுடன் அஜந்தா சென்றார். இருண்ட குகைகளில் அமர்ந்து, பண்டைய ஓவியர்களின் ஒவ்வொரு கோட்டையும் பணிவுடன் பிரதியெடுத்தார்.

பின்னர் இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனுக்குச் சென்றார். அங்கே கலாபவனத்தின் தலைமையை ஏற்று, 1951-இல் ஓய்வு பெறும் வரை மாணவர்களை உருவாக்கினார். பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், கே. ஜி. சுப்பிரமணியன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். ஓவியத்தோடு கைத்தொழில்களும், தரையில் இடும் அல்பனா கோலமும் அங்கே மதிப்புப் பெற்றன.

நாட்டின் பணியிலும் அவரது தூரிகை பங்கேற்றது. 1930-ஆம் ஆண்டு தண்டி யாத்திரையின்போது, கோலூன்றி நடக்கும் காந்தியடிகளை அவர் செதுக்கிய அச்சுப்படம் இன்றளவும் மக்கள் நெஞ்சில் நிற்கிறது. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டிற்காக, உழவரும் குயவரும் தையற்காரரும் தத்தம் தொழிலில் ஈடுபட்டிருக்கும் காட்சிகளைத் தீட்டினார். சுதந்திர பாரதத்தின் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதியை அவரும் அவருடைய மாணவர்களும் சித்திரங்களால் அணிசெய்தனர். 1954-இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1966 ஏப்ரல் 16-இல் அவர் மறைந்தார்.

தேர்வில் தோற்பவர் அனைவரும் கலைஞர் ஆகிவிடுவதில்லை. விருப்பம் மட்டுமே ஒருவரை நந்தலால் ஆக்கிவிடாது. பெரியோரின் கவலையை மதித்தார். இசைவு கிட்டும் வரை பொறுத்தார். கிட்டியபின் தம்மை முழுவதுமாக ஒப்படைத்தார். கற்ற கலையைப் பிறருக்குப் பயன்படச் செய்தார். பயனற்றது என்று வீட்டார் அஞ்சிய கலை, ஒரு தேசத்தின் சட்ட நூலுக்கே அணியாயிற்று. தம் பிள்ளையின் நாட்டம் எதில் என்பதைப் பெற்றோரும், அந்நாட்டத்திற்காக எவ்வளவு உழைக்கத் தாம் ஆயத்தம் என்பதைப் பிள்ளைகளும் சிந்தித்துப் பார்ப்பார்களாக!