லிங்கன் கொலைப் படம் சொல்லாத காரணம்

நாடக அரங்கின் மேல்மாடத்தில் தாடி வைத்த ஒருவர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நிற்பவன் அவர் தலையை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். பக்கத்தில் இரு பெண்கள், ஓர் இராணுவ அதிகாரி. அமெரிக்க அதிபர் ஆப்ரகாம் லிங்கன் சுடப்பட்டதைக் காட்டும் இந்தப் பழைய அச்சுப் படத்தை நம்மில் பலர் வரலாற்று நூல்களில் பார்த்திருப்போம். 1865-இல் நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. நாளிதழ்களில் புகைப்படம் அச்சிட வழியில்லாத காலம் அது. மக்கள் இப்படிப்பட்ட படங்களை வாங்கி வீட்டில் மாட்டி வைத்தார்கள்.

படத்தில் அந்த அதிகாரி கொலைகாரனைக் கண்டு எழுவதுபோல் இருக்கிறது. உண்மையில், வெடிச் சத்தம் கேட்ட பிறகுதான் மேஜர் ராத்போன் திரும்பிப் பார்த்தார். இது சிறிய பிழை. லிங்கன் ஏன் சுடப்பட்டார் என்பதைத்தான் படம் சொல்லவில்லை.

1809 பிப்ரவரி 12-ஆம் நாள் கெண்டக்கியில் மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர் லிங்கன். 9 வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்தும் ஏறக்குறைய ஓராண்டுதான். தந்தை அவரை அக்கம்பக்கத்தாரிடம் கூலி வேலைக்கு அனுப்பினார். மரம் வெட்டுவது, வேலிக்கட்டை பிளப்பது எல்லாம் மகன், கூலி தந்தைக்கு. 21 வயது வரை அதுதான் அன்றைய சட்டம். ஒருவன் உழைப்பின் பலனை இன்னொருவன் எடுத்துக்கொள்வதை அவர் கடைசிவரை வெறுத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

பிறகு கடை வைத்து நொடித்துப் போனார். அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. தாமே சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1860-இல் அதிபர் தேர்தலில் வென்றார். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது.

அவரும் தொடக்கத்திலேயே எல்லா அடிமைகளையும் விடுவிக்க முனைந்தவர் அல்லர். நாடு உடையாமல் காப்பதே முதல் நோக்கமாக இருந்தது. 1863 ஜனவரி 1-ஆம் நாள் வந்த விடுதலைப் பிரகடனம்கூட, கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஆனால் போர் நீள நீள அவர் மாறினார். சுமார் 2 லட்சம் கறுப்பின வீரர்கள் அவர் பக்கம் போரிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

1865 ஏப்ரல் 9-ஆம் நாள் தென்தரப்புத் தளபதி லீ சரணடைந்தார். இரு நாள் கழித்து, வெள்ளை மாளிகைக்கு முன் திரண்ட கூட்டத்திடம் லிங்கன் பேசினார். கறுப்பினத்தவரில் படித்தவர்களுக்கும் போர் வீரர்களுக்கும் வாக்குரிமை கிடைப்பதைத் தாம் விரும்புவதாகக் கூறினார். அந்தக் கூட்டத்தில் நின்ற நடிகன் ஜான் வில்க்ஸ் பூத், முன்பு அவரைக் கடத்தத் திட்டமிட்டவன். அன்றுதான் கொன்றே தீர்வது என்று முடிவெடுத்தான்.

ஏப்ரல் 14, புனித வெள்ளி. வாஷிங்டனில் உள்ள ஃபோர்டு அரங்கில் நகைச்சுவை நாடகம். பூத்துக்கு அந்த அரங்கும் பழக்கம், நாடகமும் பழக்கம். சிரிப்பொலி எழும் கட்டம் பார்த்துச் சுட்டான். லிங்கனை எதிர்வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். கட்டில் அவர் உயரத்துக்குப் போதாமல் குறுக்காகக் கிடத்தினார்கள். மறுநாள் காலை 7.22-க்கு உயிர் பிரிந்தது. வயது 56.

பூத் 12 நாளில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா முழுவதும் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கறுப்பின ஆண்களின் வாக்குரிமை 1870-இல் அரசியலமைப்பில் ஏறியது. ஆனால் தென் மாநிலங்களில் அவர்கள் தடையின்றி வாக்களிக்க 1965-இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது.