டைனிங் டேபிளில் ரயில் ஓட்டிய மகாராஜா!

நீளமான சாப்பாட்டு மேஜை. ரெண்டு பக்கமும் விருந்தாளிகள். சாப்பிட்டு முடிச்சதும் பரிமாற ஆள் வரலை, ரயில் வருது! மேஜை மேலேயே தண்டவாளம். அதுல வெள்ளியில செஞ்ச குட்டி இன்ஜின், பின்னாடி ஏழு பெட்டிகள். பிராந்தி, சுருட்டுன்னு ஒவ்வொருத்தர் முன்னாடியும் போகுது. பெட்டியில இருக்கிற கண்ணாடிக் குடுவையைத் தூக்கினா ரயில் நிக்கும். திரும்ப வெச்சா கிளம்பும்.

ஏதோ ரீல்ஸ் கான்செப்ட் மாதிரி இருக்கா? இது 100 வருஷத்துக்கும் முந்தைய மேட்டர் மக்களே. அந்த மேஜைக்குச் சொந்தக்காரர் குவாலியர் மகாராஜா முதலாம் மாதவ் ராவ் சிந்தியா. இன்னைக்கு அரசியல்ல இருக்கிற ஜோதிராதித்ய சிந்தியாவோட கொள்ளுத் தாத்தா.

9 வயசுல அரியணை

மாதவ் ராவ் பிறந்தது 1876 அக்டோபர் 20. அப்பா ஜெயாஜி ராவ் 1886-ல இறந்தப்போ பையனுக்கு 9 வயசுதான். அரியணை கிடைச்சுது, அதிகாரம் கிடைக்கலை. அவர் வளர்ற வரைக்கும் ஒரு நிர்வாகக் குழுதான் ஆட்சியை நடத்துச்சு. 1894-ல, 18 வயசுல முழுப் பொறுப்பும் கைக்கு வந்துச்சு.

பிரிட்டிஷ் அரசோட ரொம்ப நெருக்கம். தன் பிள்ளைங்களுக்கு ஜார்ஜ், மேரின்னு இங்கிலாந்து ராஜா, ராணி பெயரையும் சேர்த்து வெச்சார்னா பார்த்துக்கோங்க. ஆனா, வேட்டை, விருந்துன்னு மட்டும் பொழுதைக் கழிச்ச ராஜாக்கள் வரிசையில இவரை அப்படியே நிறுத்திட முடியாது. இவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்துச்சு. இயந்திரம். குறிப்பா, ரயில்!

வெள்ளி ரயில் வந்த கதை

இங்கிலாந்துல நார்த்தாம்ப்டன்னு ஒரு ஊர். ஷூ தயாரிப்புக்குப் பேர் போனது. அங்கேதான் பாசெட் லோக் என்பவர் 19-ம் நூற்றாண்டோட கடைசியில மாடல் ரயில் கம்பெனி ஆரம்பிச்சார். நிஜ இன்ஜினைப் பார்த்து, அதே அளவு விகிதத்துல, அதே குழாய், அதே ஆணி வரைக்கும் செய்யணும்ங்கிறதுதான் அவங்க கொள்கை. குவாலியர் வெள்ளி ரயில் அந்தக் கம்பெனியோட கைவேலை. 1906-ல செஞ்சது. மின்சாரத்துல ஓடும். ஏழு பெட்டியிலயும் சிந்தியாங்கிற பெயரோட ஏழு ஆங்கில எழுத்துகள், பெட்டிக்கு ஒண்ணா.

வைஸ்ராய்க்குக் கொடுத்த விருந்துல மின்கசிவு ஏற்பட்டு, ரயில் நிக்காமப் பாய்ஞ்சு விருந்தாளிங்க மேலேயே சாப்பாட்டைக் கொட்டினதா ஒரு கதையும் உலவுது. எவ்வளவு உண்மையோ, சொல்லச் சொல்லச் சுவை கூடுற கதை அது!

வெள்ளி ராஜாவுக்கு, பித்தளை நமக்கு

எல்லோரும் வெள்ளியில ரயில் செய்ய முடியுமா? உலகம் முழுக்க மாடல் ரயில் சேகரிக்கிறவங்க கொண்டாடுற உலோகம் பித்தளை. காரணம் சிம்பிள். மெல்லிய தகடா அடிக்கலாம், ஈயப் பற்று சுலபமா பிடிக்கும், ஊசி முனை அளவு ஆணித்தலையைக்கூட அதுல எழுப்பலாம். 1950-களுக்கு அப்புறம் ஜப்பான் பட்டறைகள்ல கையால செஞ்ச பித்தளை இன்ஜின்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வீட்டுக்குக் கப்பல்ல போச்சு. பிறகு கொரியாவும் களத்துல இறங்குச்சு.

இதுல பிரபலமான அளவு, நிஜத்துல 87-ல ஒரு பங்கு. நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப் பெட்டி சுமார் 21 மீட்டர் நீளம். இந்தக் கணக்குல அது 24 சென்டிமீட்டர்தான், ஸ்கூல் ஸ்கேலைவிடக் குட்டி!

பெயின்ட் அடிக்கிறது தனிக் கலை. கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பெயின்ட் உரிஞ்சுடும். அதனால முதல்ல நல்லா கழுவிக் காயவைக்கணும். அடுத்து பிரைமர். அப்புறம் ஏர்பிரஷ்ல மெல்லிசா, ஒண்ணு காய்ஞ்சதும் இன்னொண்ணு. கடைசியில கரி, துரு, புழுதியெல்லாம் படிஞ்ச மாதிரி நிறப்பொடி தூவி, ஓடிக் களைச்ச இன்ஜினா மாத்தணும். சிலர் பெயின்ட்டே அடிக்காம, குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு அப்படியே வெச்சுப்பாங்க. ஓட்டணுமா, அலமாரியில பூட்டி வெக்கணுமாங்கிற சண்டை இந்த உலகத்துல ஓயவே ஓயாது.

மாதவ் ராவ் எந்தக் கட்சி? சந்தேகமே இல்லாம, ஓட்டுற கட்சி.

பொம்மை பெருசாச்சு

மேஜை ரயிலுக்கு முன்னாடியே அவர் நிஜத் தண்டவாளம் போட ஆரம்பிச்சுட்டார். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல வெறும் 2 அடி இடைவெளி. தன் ஆசைக்காகத் தொடங்கின சின்னப் பாதை, மக்கள் பயணமா மாறுச்சு. 1899 டிசம்பர்ல குவாலியர் - பிண்ட் பாதையை வைஸ்ராய் கர்சன் திறந்துவெச்சார். 1909-ல ஷியோபூர் வரைக்கும் ரயில் போச்சு. குவாலியர்ல இருந்து சுமார் 200 கிலோமீட்டர்! உலகத்துல இருந்த நீளமான 2 அடிப் பாதைகள்ல இதுவும் ஒண்ணு.

2 அடி ஏன்? செலவு கம்மி, வளைவும் சுலபம். டார்ஜிலிங் மலையேறுற ரயிலும் இதே 2 அடிதான். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி குண்டூர் நாட்டுக்கு வீடு திரும்புற கொல்லிமலைக்காரங்களுக்கு இதோட அருமை சொல்லாமலே புரியும். ரயில் பார்க்கணும்னா மலையை விட்டு இறங்கித்தானே ஆகணும்! குவாலியர் பக்கத்துக் கிராமங்களுக்கோ ரயில் வீடு தேடிப் போச்சு. வேகம் இல்லைதான். ஆனா சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக, வேற வழியே இல்லாதவங்களுக்கு அது போதுமானதா இருந்துச்சு.

கப்பலும் வாங்கினார்

முதல் உலகப்போர் சமயம், 1914-ல ஒரு கப்பலை வாங்கி மருத்துவமனைக் கப்பலா மாத்தக் கொடுத்தார். பேர், லாயல்டி. போர் முடிஞ்சதும் அதை இந்தியர்களோட சிந்தியா கப்பல் கம்பெனி வாங்குச்சு. 1919 ஏப்ரல் 5-ல மும்பையில இருந்து லண்டனுக்கு அது கிளம்பின நாளைத்தான் இன்னைக்கு தேசியக் கடல்சார் தினமா கொண்டாடுறோம்.

1925 ஜூன் 5, பாரீஸ்ல மாதவ் ராவ் இறந்தார். வயசு 48.

எது மிச்சம்?

அவரோட 2 அடி ரயில் 1951-ல மத்திய ரயில்வேயோட சேர்ந்துச்சு. கூரை மேலயும் ஆள் ஏறிப் போற அளவுக்குக் கடைசி வரைக்கும் கூட்டம். 2020-ல சேவை நின்னுபோச்சு. அகலப்பாதை போடுறதுக்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துட்டாங்க.

வெள்ளி ரயில் மட்டும் ஜெய் விலாஸ் அரண்மனை மியூசியத்துல இன்னும் மேஜை மேல நிக்குது. குவாலியர் போற எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்குறாங்க. அது சில பேருக்கு சுருட்டு கொண்டுபோன ரயில். லட்சக்கணக்கானவங்களைச் சுமந்த ரயிலுக்கு அங்கே மேஜை இல்லை. மாதவ் ராவோட நிஜமான சாதனை எதுன்னு கேட்டா, ஷியோபூர் பக்கத்துப் பெரியவங்க கண்டிப்பா வெள்ளியைக் காட்ட மாட்டாங்க!