முத்துலட்சுமி பணம் வாங்கும் தாய்மார்களே... யார் இந்த முத்துலட்சுமி?

கும்மிடிப்பூண்டி:

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றுவட்டார கிராமங்களில் கர்ப்பிணி பெண்கள் கூடினாலே முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா என்ற பேச்சுதான். ஆனா அந்த முத்துலட்சுமி யாருன்னு கேட்டா பலருக்கும் தெரியாது.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னை மருத்துவ கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டர் ஆனார். 1927-ல் சென்னை மாகாண சட்டசபைக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவரானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ பரிசோதனை நடத்த வேண்டும் என்று சபையில் குரல் கொடுத்தார். அதற்கு சுகாதாரத் துறை மட்டும் போதாது, பள்ளிக்கூடமும் நகராட்சியும் கைகோர்க்கணும்.

தங்கையை பறித்த நோய்

அவரது தங்கையை புற்றுநோய் பறித்தது. லண்டன் சென்று அந்த சிகிச்சையை கற்று வந்த அவர், 1935-ல் மருத்துவ கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கு தனி மருத்துவமனை வேண்டும் என்றார். அரசிடம் பலமுறை முறையிட்டும் காரியம் நடக்கவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தை துணைக்கு அழைத்தார். 1949-ல் சங்கம் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்களும் நன்கொடை கொடுத்தனர். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் அடையாறில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் புற்றுநோய் மருத்துவமனை அதுதான். இன்றும் அதன் பெயரோடு மாதர் சங்கத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

1968 ஜூலை 22-ந்தேதி அவர் காலமானார். அவரது பிறந்தநாளை மருத்துவமனை தினமாக கொண்டாட 2019-ல் தமிழக அரசு அறிவித்தது.

ரூ.18 ஆயிரம்

அவர் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் ரூ.14 ஆயிரம் பணமும், ரூ.4 ஆயிரம் மதிப்பில் ஊட்டச்சத்து பெட்டகமும் தரப்படுகிறது. இதில் மத்திய அரசின் பங்கும் உண்டு. கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து பிக்மி எண் கொடுக்கணும், வங்கிக் கணக்கு சரியா இருக்கணும். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பணம் தாய் கைக்கு வந்து சேராது.

எனவே கர்ப்பம் தெரிந்த உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரை பதிந்துவிடுங்க தாய்மார்களே. ஒரு துறை மட்டும் தனியாக நின்று உயிரை காப்பாற்ற முடியாது என்று முத்துலட்சுமி ரெட்டி அன்றே செய்து காட்டியதும் இதைத்தான்.